சேலத்தில் கள்ளுக்கடை மூடிய நாள்

ஏற்காட்டுக்கு வந்தவர்கள் லேடீஸ் சீட்டுக்குப் போகாமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். இருட்டிய பிறகு அங்கே நின்று கீழே பார்த்தால் சேலம் நகரமே விளக்குகளாகக் கிடக்கும். சின்ன வயதில் என் மாமா (அம்மாவின் தம்பி) என்னைத் தோளில் உட்கார வைத்து, "அதோ பாரு கண்ணு, அதுதான் ஜங்ஷன்... அங்க வரிசையா மினுக்குது பாரு, அதுதான் ரோடு" என்று காட்டுவார். அவர் வாயிலிருந்து ஒரு வாசனை வரும். பெரியவர்கள் எல்லோருக்குமே அப்படித்தான் வாசனை வரும் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்குச் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரு போடாம எழுது கண்ணு. நாலு பேருக்கு உதவுனா சரி" என்றார். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

நான் வரலாறு படிக்கிற மாணவன். "உங்கள் மாவட்டத்தின் முக்கியமான ஒரு நிகழ்ச்சி" என்று வகுப்பில் தலைப்புக் கொடுத்தபோது நண்பர்கள் எல்லோரும் மேட்டூர் அணை, இரும்பாலை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது 1937 அக்டோபர் 1. அன்றைக்குத்தான் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார்கள். ஒரு மாகாண அரசு ஒரு முழு மாவட்டத்துக்கும் மதுவிலக்குக் கொண்டுவந்து பார்த்த முதல் சோதனை அது. சென்னை மாகாணத்தின் மற்ற மாவட்டங்களெல்லாம் இதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தன.

ஏன் இந்தத் தேதி என்று கேட்டால், அதற்கு முதலில் இன்னொரு தேதியைச் சொல்ல வேண்டும்.

2020, மார்ச் 24

கொரோனா ஊரடங்கு. அன்று சாயங்காலம் டாஸ்மாக் கடைகள் மூடின. நான் ஒன்பதாம் வகுப்பு. பரீட்சை இல்லை என்கிற சந்தோஷத்தோடு அம்மாயி வீட்டில், மலையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே உள்ளுக்குள் ஒரு நிம்மதி. "அப்பாடா, இனிமே மாமா குடிக்க முடியாது" என்று அத்தை வாய்விட்டே சொன்னார்.

மறுநாள் மாமாவுக்குக் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை, வேர்த்துக் கொட்டியது. அடுத்த நாள் வலிப்பு வந்தது. அதற்கு அடுத்த நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று அம்மாயி திருநீறு போட்டார்கள். கடைசியில் 108க்கு அடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஆள் நடமாட்டமே இல்லாத சேலத்துக்குள் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எப்ப நிறுத்தினார்?" எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்பதைப் பிறகுதான் கேட்டார்.

குடித்ததால் வந்த ஆபத்து என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நிறுத்தியதால் வந்த ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மது மூளையை அமுக்கி வைக்கும். வருடக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளையும் அதற்குச் சமமாக எதிர்த்துத் தள்ளப் பழகிக்கொள்ளும். திடீரென்று அமுக்குகிற கையை எடுத்துவிட்டால், தள்ளிக்கொண்டிருந்த மூளை தாறுமாறாக ஓடும். நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் அதனால்தான். முதல் நான்கைந்து நாட்கள் ரொம்ப முக்கியம். மருத்துவம் இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

மாமா பிழைத்துக்கொண்டார். அப்போது மனதில் விழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. 1937ல் இதே மாவட்டத்தில் ஒரே நாளில் கடைகளை மூடினார்களே... அன்றைக்குக் கை நடுங்கியவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்?

அப்காரி காலம்

வெள்ளைக்காரர் காலத்தில் மது வருமானத்துக்கு 'அப்காரி' என்று பெயர். கள் இறக்குகிற மரத்துக்கு வரி. கடையை ஏலம் விட்டால் அதற்கு வாடகை. அதிகம் கேட்டவனுக்குக் கடை. அவன் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமென்றால் ஊர் அதிகம் குடிக்க வேண்டும். சென்னை மாகாண அரசின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு இப்படித்தான் வந்தது.

இதற்கு எதிர்ப்புச் சேலம்-ஈரோடு பகுதியிலிருந்துதான் பலமாகக் கிளம்பியது. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் சிறைக்குப் போக, அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தம் தோப்பிலிருந்த 500க்கு மேற்பட்ட தென்னை மரங்களைக் கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று பெரியார் வெட்டிச் சாய்த்ததும் இந்தச் சமயத்தில்தான்.

அடுத்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்கினார். கதர் நூற்கிற ஏழைக் குடும்பங்களை அங்கே தினமும் பார்த்தார். நூற்றுச் சம்பாதித்த காசு எங்கே போகிறது என்பதையும் பார்த்தார். 1929ல் 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதில் அவருக்குத் துணையாக வேலை செய்தவர் யார் தெரியுமா? நம்ம கல்கிதான்! பொன்னியின் செல்வனுக்கு ரொம்ப முன்னால், கள்ளுக்கு எதிராகப் பேனா பிடித்துக்கொண்டிருந்தார். ராஜாஜி எழுதிய 'திக்கற்ற பார்வதி' என்ற கதையும் குடியால் நாசமாகும் ஒரு குடும்பத்தைப் பற்றியதுதான். 1974ல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைப் படமாக எடுத்தார்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். (அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) பதவிக்கு வந்த மூன்றாவது மாதமே தன் சொந்த மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்துவிட்டார். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது. லேடீஸ் சீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிவதெல்லாம், அதற்கு அப்பால் தெரியாததும் சேர்த்து.

வருமானம் போகுமே, என்ன செய்வது? 1939ல் பொது விற்பனை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கடையில் சோப்பு வாங்கினால்கூட அரசுக்கு வரி கட்டுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இந்தியாவில் பிள்ளையார் சுழி போட்டது மூடிய கள்ளுக்கடைதான்!

சாயங்காலம் என்ன செய்வது?

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாடப் புத்தகத்தில் "ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். கடையை மூடியதோடு அவர்கள் வேலை முடியவில்லை என்பதுதான் விஷயம்.

அப்போது கலெக்டராக இருந்தவர் டிக்ஸன் என்ற ஆங்கிலேயர். இதை அவர் மனப்பூர்வமாக எடுத்துச் செய்தார். ஒரு சின்ன உண்மையை அந்த அதிகாரிகளும் காங்கிரஸ்காரர்களும் புரிந்துகொண்டிருந்தார்கள். கூலி வேலை செய்கிறவனுக்குக் கள்ளுக்கடை என்பது கள் மட்டும் இல்லை. வேலை முடிந்து உட்காருகிற இடம். நாலு பேரைப் பார்க்கிற இடம். அதை மூடினால் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் எங்கே போவான்?

அதனால் ஊர்களில் டீக்கடைகள் வந்தன. விளையாட்டு, பஜனை, தெருக்கூத்து என்று மாலை நேரத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். மிச்சமாகும் காசைச் சேர்த்து வைக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். கள் இறக்கிப் பிழைத்தவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையினர் இந்த மாவட்டக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து புத்தகமே போட்டார்கள். குடிக்குப் போன காசு சாப்பாட்டுக்கும் துணிக்கும் போக ஆரம்பித்தது, கடன் தொல்லை குறைந்தது என்பதுதான் அவர்கள் கண்ட பொதுவான போக்கு.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். கள்ளச்சாராயம் காய்ச்சுவதும் கூடவே வந்தது. இன்னொரு பெரிய குறையும் இருந்தது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் மது, போதைப் பொருள் இரண்டையும் தடை செய்தது. விற்பது மட்டுமல்ல, குடிப்பதும் குற்றம். அதாவது, குடிக்கு அடிமையானவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. அவனுக்கு டீக்கடை உண்டு, பஜனை உண்டு, ஜெயிலும் உண்டு. ஆனால் "உனக்கு வந்திருப்பது ஒரு நோய், வா பார்க்கலாம்" என்று கூப்பிடுகிற இடம் இல்லை.

திறப்பதும் மூடுவதும்

1939ல் ராஜாஜி அரசு பதவி விலகியது. உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கும் நின்றது. சுதந்திரத்துக்குப் பின், ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971ல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியது. வயதான ராஜாஜி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் நடக்கவில்லை. சில வருடத்திலேயே அதே அரசு மறுபடி கடைகளை மூடியது. 1981ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003ல் சில்லறைக் கடைகளையே அரசு எடுத்துக்கொண்டது. 2023-24ல் மட்டும் மதுவால் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைக்கு டாஸ்மாக் கடை நடப்பதும் அதே 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் போட்ட விதிகளின்படிதான். சட்டத்தின் பெயர் மதுவிலக்கு, நடப்பது மது விற்பனை!

மறுபடி மூடச் சொல்லிப் போராடியவர்களில் முக்கியமானவரும் சேலத்துக்காரர்தான். காந்தியவாதி சசிபெருமாள். 2015 ஜூலை 31ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பாதிக்கப்பட்டவர்களைச் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். கடை திறந்திருக்கிற காலத்திலேயே நடந்த சாவு அது.

திறப்பதா மூடுவதா என்று 80 வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கடையைப் பற்றித்தான் பேசுகிறது. கடைக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நிற்கிற ஆளைப் பற்றிப் பேசுவது குறைவு.

நோய் என்று சொன்னவர்கள்

அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது தோற்ற இரண்டாவது வருடம், 1935ல், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்தார்கள். ஒருவர் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், இன்னொருவர் டாக்டர் பாப் ஸ்மித். குடிக்காமல் இருக்க முயலும் ஒருவனுக்கு, அதே முயற்சியில் இருக்கும் இன்னொருவன்தான் நல்ல துணை என்று கண்டுபிடித்தார்கள். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., அப்படித்தான் பிறந்தது. சேலத்தில் கடை மூடியது 1937ல். இரண்டுக்கும் இரண்டே வருட இடைவெளி. ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே கேள்விக்குப் பாதிப் பாதி பதில் எழுதியிருக்கிறார்கள்.

1950களில் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடி அடிமைத்தனத்தை மருத்துவம் பார்க்க வேண்டிய நோய் என்று ஏற்றது. 1970களில் இன்னொரு முக்கியமான ஆய்வு வந்தது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி இருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் விசாரித்துப் பார்த்தார். முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவுதான்! இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள், பயம் போனது, வீடு வந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் அடிமைத்தனம் மூளைக்குள் மட்டும் இல்லை, சுற்றி இருப்பதிலும் இருக்கிறது என்பது தெரிகிறது. சேலத்தில் டீக்கடையும் கூத்தும் வைத்தவர்கள் ஆய்வு எதுவும் படிக்காமலே இதில் பாதியைப் பிடித்துவிட்டார்கள்.

நம்மூரில் அடுத்த பாதி வந்தது 1980ல். டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடியால் 1979ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயிற்சி எடுத்துக்கொண்டு, 1980ல் சென்னையில் கணவர் பெயரில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். பிறகு அது டி.டி.கே. மருத்துவமனை ஆனது. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே முதலில் உடம்பிலிருந்து போதையை மருந்தோடு இறக்குவார்கள். அதன் பிறகு வாரக்கணக்கில் பேச்சு, குழு, ஆலோசனை. வீட்டுக்காரர்களுக்கும் தனியாக வகுப்பு உண்டு. நோயாளிக்கு மட்டும் வைத்தியம் பார்த்து, பழைய வீட்டுக்கே அனுப்பினால் பயன் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1989ல் அவர்கள் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். (அப்போது தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர்.) ஊர்க்காரர்கள் இடம் கொடுக்க, அங்கேயே தங்க வைத்துச் சிகிச்சை. ஊரே சாட்சி, ஊரே காவல். 1937ல் சேலம் செய்ததும், 1935ல் ஆக்ரன் செய்ததும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, போதைப் பொருள்?

"நாங்க குடிக்க மாட்டோம், வேற மாதிரி" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். கஞ்சா, வலி மாத்திரை என்று நம்ம வயதுக்காரர்களிடம் புழங்குவது யாருக்கும் ரகசியமில்லை. அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஹெராயின், அபின் வகை வலி மாத்திரை போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தினாலே உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். "ஒரே ஒரு தடவை" என்று பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடிந்து வந்தவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து.

இரண்டு, 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் ரொம்பக் கடுமையானது. ஆனால் அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவர், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், சிறிய அளவு வைத்திருந்தது, உபயோகித்தது போன்ற குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பை நோயாகத்தான் எண்ணுகிறது. 1937ல் குற்றவாளியாக மட்டும் பார்த்த சட்டம், மெதுமெதுவாக நோயாளி என்றும் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

சட்டம் கற்றுக்கொண்டது, நாம் கற்றுக்கொண்டோமா? 2019ல் வெளியான எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதாவது நம்மோடு.

நாங்கள் செய்த தப்புகள்

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மாமா வேலைக்குப் போகாத நாட்களில் மேஸ்திரிக்குப் போன் பண்ணி "மாமாவுக்குக் காய்ச்சல்" என்று பொய் சொன்னது நான்தான். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். குடியால் வரும் கஷ்டம் அவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

அத்தை பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்த நோட்டீஸை நம்பி, "தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும்" பொடி வாங்கிப் போட்டார். இப்படிக் கொடுப்பதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால், அது தெரியாமல் குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் விழுந்து, இருதயமே நிற்கும் அளவுக்குப் போகலாம். அந்த மருந்தை டாக்டர் சொல்லி, சாப்பிடுகிறவரும் சம்மதித்துத்தான் சாப்பிட வேண்டும்.

அம்மாயி சாமி மேல் சத்தியம் வாங்கினார்கள். சேர்வராயன் கோயிலில் கற்பூரம் அணைத்தார் மாமா. சத்தியம் 12 நாள் நின்றது. நோய்க்குச் சத்தியம் தெரியாது. ஆனால் சத்தியத்தை உடைத்த குற்ற உணர்ச்சி தெரியும், அது இன்னொரு குவார்ட்டர் வாங்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு வேறு. சிகிச்சை முடிந்து எட்டு மாதம் நன்றாக இருந்தவர், ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். "இவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா? நீ திருந்தவே மாட்ட" என்று எல்லோரும் பேசினோம். நானும் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. போதைச் சிகிச்சை எடுத்தவர்களில் 100க்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி விழுவார்கள், ரத்த அழுத்தம், ஆஸ்துமாக்காரர்களும் ஏறக்குறைய இதே அளவுக்குத்தான் மறுபடி படுக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். பி.பி. கூடினால் "நீ திருந்தவே மாட்ட" என்று யாராவது சொல்வோமா? மாத்திரையை மாற்று என்றுதானே சொல்வோம்.

பிறகு எது உதவியது என்றால்... பெரிதாக எதுவும் இல்லை. குடித்திருக்கும்போது அவரோடு வாதம் செய்வதை நிறுத்தினோம். எது பேசினாலும் காலையில் பேசினோம். பொய் சொல்வதை நான் நிறுத்தினேன். கடனை அடைப்பதை அத்தை நிறுத்தினார். ஆனால் டாக்டரிடம் போக பஸ் காசும், கூட வர ஒரு ஆளும் எப்போதும் இருந்தது. வாரம் ஒரு நாள், குடியை நிறுத்தியவர்கள் கூடும் கூட்டத்துக்குச் சேலம் போய் வந்தார். "அங்க யாரும் என்னைத் திட்டல கண்ணு. எல்லாரும் என் கதையத்தான் அவங்க கதைன்னு சொல்றாங்க" என்றார், முதல் நாள் போய்விட்டு வந்து.

அத்தைக்கும் யாராவது தேவைப்பட்டார்கள் என்பதை நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். 15 வருடம் ஒரு குடிகாரரைச் சமாளித்த மனுஷி, அவர் நிறுத்திய பிறகும் ராத்திரி எட்டு மணி ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

யாருக்காவது உடனே தேவைப்பட்டால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. காசு கிடையாது. நடுக்கம், வலிப்பு, குழப்பம் இருந்தால் யோசிக்காமல் 108.

ஆறு மணி

கடை திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்று வகுப்பில் என்னைக் கேட்டார்கள். கடை குறைவாக இருந்தால் புதிதாக விழுகிறவர்கள் குறைவார்கள் என்பது என் கருத்து. சாயங்காலம் கண்ணில் படும் முதல் விளக்கே கடை விளக்காக இருக்கக்கூடாது. ஆனால் மூடுவது ஒரு நாள் வேலை. 1937ல் செய்தோம், 2020லும் செய்தோம். மூடிய மறுநாள் காலையில் கை நடுங்குகிறவனுக்கு டாக்டர் வேண்டும். அன்று சாயங்காலம் போக ஓர் இடம் வேண்டும். அடுத்த வருடம் அவன் மறுபடி விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். இந்த மூன்றும் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் மதுவிலக்கு இருக்கிறது என்று சொல்வேன்.

மாமா 2022 ஆடி மாதத்திலிருந்து குடிப்பதில்லை. "நின்னுடுச்சு" என்று சொல்ல மாட்டார். "இன்னைக்குக் குடிக்கல" என்றுதான் சொல்வார். சாயங்காலம் ஆறு மணிதான் அவருக்குக் கஷ்டமான நேரம். நான் ஊரில் இருக்கிற நாட்களில் அந்த நேரத்துக்கு இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு லேடீஸ் சீட் வரைக்கும் நடப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். இப்போது நான்தான் அவருக்குக் காட்டுகிறேன், அதோ ஜங்ஷன், அதோ புது மேம்பாலம் என்று.

நான் இல்லாத நாட்களில் அத்தை போகிறார்.